லியோபோல்ட் பெஞ்ச்: மூன்று பலகை, ஆறு போல்ட்

விஸ்கான்சின் ஆற்றங்கரையில் 1935-இல் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் வாங்கிய பண்ணை, உழுது உழுது சத்து போன மணல் நிலம். அங்கே மிஞ்சியிருந்த கோழிக்கொட்டகையை, வெள்ளம் அடித்துவந்த பலகைகளையும் சேர்த்து, குடும்பமே குடிசையாக்கியது. அந்தக் குடிசை வாசலுக்கு உரியது இந்த பெஞ்ச். இருட்டு விலகும் முன்பே காபியோடு வெளியே உட்கார்ந்து, எந்தப் பறவை எவ்வளவு வெளிச்சத்தில் பாடத் தொடங்குகிறது என்று ஒளிமானியில் பார்த்துக் குறித்தவர் அவர். 1948-இல் பக்கத்து நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போய் இறந்தார். பண்ணையைப் பற்றிய அவரது கட்டுரைகள் மறு ஆண்டு நூலாக வந்தன.

பெஞ்சுக்கு வருவோம். பரவலாகப் புழங்கும் அளவு: கால்களுக்கு 10 அடி நீள 2×8 (பெயரளவில் 2 அங்குலத் தடிமன், 8 அங்குல அகலம்) பலகை ஒன்று, சாய்மானத்துக்கு 45 அங்குல 2×8, இருக்கைக்கு 42 அங்குல 2×10. 3/8 அங்குல போல்ட் ஆறு, நீளம் 3½, ஸ்குரூ பன்னிரண்டு. கால்களுக்கு 22½ டிகிரி சாய்வெட்டு. நீளக்கால் முன்னாலிருந்து பின்சாய்ந்து மேலேறிச் சாய்மானத்தைத் தாங்கும். குட்டைக்கால் பின்னாலிருந்து முன்சாய்ந்து இருக்கையைத் தாங்கும். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் பக்கத்துக்கு மூன்று போல்ட்.

இருக்கையையும் சாய்மானத்தையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டுத் தவிப்பவர்கள் பலர். நீளக்கால் வெளியே, குட்டைக்கால் உள்ளே வரும். 2×8 என்று விற்கும் பலகையின் நிஜத் தடிமன் 1½ அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து வருவதுதான் அந்த 3 அங்குல வித்தியாசம். முழு 2 அங்குலப் பலகையில் செய்தால் சாய்மானம் 46, போல்ட் 4½ வேண்டும்.

இன்னொன்று, வலது இடது கால்கள் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக அமைய வேண்டும். போல்ட் போடுமுன் நான்கையும் தரையில் பரப்பிப் பார்த்துவிடுங்கள்.

பலவீனமும் உண்டு. இருக்கை ஸ்குரூ குட்டைக்காலின் வெட்டுமுகத்தில் இறங்குவதால் பிடிப்பு குறைவு, நாளடைவில் ஆடும். சாய்மான ஸ்குரூ 1½ அங்குல விளிம்பில் இறங்குகிறது; முதலில் சின்னத் துளை போடாவிட்டால் மரம் வெடித்துவிடும். அடிப்பாதம் ஈரம் குடித்து முதலில் உளுத்துப்போகும், கீழே தட்டைக்கல் வைப்பது நல்லது. கைப்பிடி இல்லாததால் முதியவர்களுக்கு எழுந்திருப்பது சிரமம்.

ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல இருக்கை அபூர்வம். திரும்பி உட்கார்ந்து சாய்மானத்தின் மேல் முழங்கையை ஊன்றினால் பைனாகுலர் துளியும் நடுங்காது.