முழுப்பணமா, ஒப்பந்தமா? போன் வாங்கும் கணக்கு

“கையில் ஒன்றும் கொடுக்க வேண்டாம், மாதம் 50 மட்டும்” என்று ஒரு பலகை. பக்கத்திலேயே அதே போனுக்கு 720 என்று விலை அட்டை. (எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, கணக்குக்காக நானே போட்ட எண்கள் இவை.) பெரும்பாலும் கண் முதலில் 50-இன் மேல்தான் போய் உட்காரும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

ஆனால் இந்த இரண்டு எண்களையும் நேராக வைத்து ஒப்பிடவே முடியாது. 720 என்பது போனின் விலை. 50-க்குள்ளே போனும் இருக்கிறது, அழைப்புக்கும் டேட்டாவுக்கும் ஆகும் கட்டணமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் எது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் முதல் வேலை பொட்டலத்தைப் பிரிப்பது. அதே அளவு டேட்டாவும் அழைப்பும் தரும் வெறும் சிம் திட்டம் என்ன விலை என்று விசாரியுங்கள். மாதம் 15 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 50-இல் 35 போனுக்குப் போகிறது.

24 மாத ஒப்பந்தம் என்றால், அதாவது இரண்டு வருடமும் அதே நிறுவனத்துக்கு மாதம் 50 கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டால், மொத்தம் 1,200. முழுப்பணம் கொடுத்து போனை வாங்கி, தனியாக சிம் போட்டுக்கொண்டால் 720-உம் 360-உம் சேர்ந்து 1,080. வித்தியாசம் 120. “இரண்டு வருடத்துக்கு 120 தானே, 720-க்கு அது 17 சதவீதம்கூட இல்லை, வருடத்துக்கு எட்டு சொச்சம்தான்” என்று மனம் சமாதானம் சொல்லும். அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. 720-ஐ நீங்கள் இரண்டு வருடமும் முழுசாகக் கடனாக வைத்திருக்கவில்லை. மாதாமாதம் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், பாதி வழியில் பாக்கியும் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. குறைந்துகொண்டே வரும் அந்தப் பாக்கிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 15 சதவீதம் வருகிறது. வட்டி என்ற சொல்லே காகிதத்தில் இல்லாவிட்டாலும் இதுதான் அதன் விலை.

இதே கணக்கு சில சமயம் ஒப்பந்தத்துக்குச் சாதகமாகவும் வரும், அதையும் சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் போன்களை மொத்தமாகக் கொள்முதல் செய்கின்றன. வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க போனின் விலையில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்பதும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் மாதம் 44 என்று வந்தால் மொத்தம் 1,056, முழுப்பணத்தைவிடக் குறைவு. அப்போது தயங்க வேண்டாம். கணக்குப் போடாமல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதுதான் என் கட்சி.

பொட்டலம் கட்டுவதில் எவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது என்பதற்கு ஐபோன் நல்ல உதாரணம். 2007-இல் அமெரிக்காவில் வந்த முதல் ஐபோனின் 8 ஜிபி மாடல் சில மாதங்களில் 399 டாலருக்கு இறங்கியது. 2008-இல் ஐபோன் 3ஜி, இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர். பாதி விலை! ஆனால் மாத டேட்டா கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலரானது. மாதம் பத்து, 24 மாதம், 240 டாலர். வாசலில் 200 குறைத்துக் கொல்லைப்புறமாக 240 வாங்கிக்கொண்ட கதை. அந்தப் போனில் 3ஜி வேகம் இருந்தது என்று அதற்கு நியாயமும் சொல்லலாம். இருந்தாலும் மக்கள் மனதில் நின்றது 199 மட்டுமே.

பின்னால் இந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் முயற்சிகளும் நடந்தன. 2013-இல் அமெரிக்காவின் டி-மொபைல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், போன் தவணையை ஒரு வரியாகவும் சேவைக் கட்டணத்தை இன்னொரு வரியாகவும் பில்லில் காட்டத் தொடங்கியது. ஜப்பானில் 2019 அக்டோபரிலிருந்து இரண்டையும் பிரித்தே விற்க வேண்டும் என்று சட்டமே வந்தது. உங்கள் பில்லில் இப்படி இரண்டு வரி இருந்தால் ஒப்பந்தத்தின் பாதி ஆபத்து போய்விட்டது என்பேன்.

மீதிப் பாதி 25-ஆவது மாதத்தில் இருக்கிறது. நான் அடிபட்டது அங்கேதான். 24 மாதம் ஒழுங்காகக் கட்டி முடித்தேன். போன் எனக்குச் சொந்தமாகிவிட்டது, கடன் தீர்ந்தது. பில் மட்டும் பழைய தொகையிலேயே வந்துகொண்டிருந்தது. நானும் கவனிக்கவில்லை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது. போனில் கேட்டால், “ஒப்பந்தம் முடிந்தால் நீங்கள்தான் சிம் திட்டத்துக்கு மாறியிருக்க வேண்டும் சார்” என்று மிகப் பணிவாகச் சொன்னார்கள். மேலே உள்ள எண்களிலேயே பார்த்தால், நான்கு மாதத்துக்கு 35 வீதம் 140. இரண்டு வருட வட்டி முழுவதும் 120 தான்! வட்டியைப் பற்றி அவ்வளவு விசாரித்து வாங்கியவன், அதைவிடப் பெரிய தொகையை மறதிக்குக் கட்டினேன்.

இது எனக்கு மட்டும் நேர்வதில்லை என்பதால்தானே பிரிட்டனில் ஆஃப்காம் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, ஒப்பந்தம் முடியப்போகிறது என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தகவல் அனுப்ப வேண்டும் என 2020 பிப்ரவரியிலிருந்து நிறுவனங்களுக்கு விதித்தது. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லை என்றால் கையெழுத்துப் போடும் அன்றே முடிவுத் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

காசுக்கு அடுத்து வருவது கட்டுப்பாடு. முழுப்பணம் கொடுத்து வாங்கிய போனில் எந்த சிம்மையும் போடலாம், சிக்னல் சரியில்லை என்றால் அடுத்த மாதமே வேறு நிறுவனத்துக்குப் போகலாம், பணமுடை வந்தால் விற்றுவிடலாம். ஒப்பந்தப் போன் பல இடங்களில் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டி வரும். பயணம் போகும் இடத்தில் உள்ளூர் சிம்மைப் போட்டுப் பார்த்து, “இந்த சிம் ஏற்கப்படாது” என்ற செய்தியைப் பார்த்து நின்றவர்களுக்குப் பூட்டில்லாத போனின் அருமை தெரியும். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய போன்களை விற்கக் கூடாது. ஜப்பானும் 2021-இல் இதே வழிக்கு வந்தது. எல்லா நாடுகளும் இன்னும் வரவில்லை. அதனால் “இது லாக் செய்த போனா?” என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

பூட்டு இல்லாவிட்டாலும் கட்டுப்பாடு வேறு வடிவத்தில் வரும். “போன் இலவசம்” என்று விளம்பரம் இருக்கும். உண்மையில் தவணை உங்கள் பெயரில்தான் ஓடும், அதே தொகையை மாதாமாதம் பில்லில் கழித்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இது 36 மாதம் வரை நீளும். பாதியில் விலகினால் கழிவு நின்றுவிடும், மீதித் தவணை உங்கள் தலையில். இலவசத்தின் நிபந்தனை மூன்று வருடம் அசையாமல் இருப்பது.

போன் உடைந்தாலோ தொலைந்தாலோ என்ன? பலரும் தவணை நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. காப்பீடு இல்லை என்றால், இல்லாத போனுக்கு மீதி மாதங்கள் கட்ட வேண்டியதுதான். முழுப்பணம் கொடுத்தவருக்கும் நஷ்டம் அதே அளவு. ஆனால் அவருடைய நஷ்டம் அன்றோடு முடிகிறது. இவருக்கு மாதாமாதம் நினைவூட்டல் வரும்.

அப்புறம், முழுப்பணம் என்றாலே புத்திசாலித்தனம் என்றும் இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சேமிப்பைத் துடைத்து எடுத்து போன் வாங்குவது நல்ல யோசனை அல்ல. கிரெடிட் கார்டில் வாங்கி, பில்லைக் கட்டாமல் தள்ளிப்போட்டால் அது முழுப்பணமே அல்ல, பெரும்பாலும் ஒப்பந்தத்தைவிட அதிக வட்டிக்கு வாங்கிய கடன். வட்டியில்லாத் தவணை, கூட எந்த சேவைத் திட்டமும் கட்டாயமில்லை, போனும் பூட்டில்லாதது என்று ஒன்று கிடைத்தால், கையில் பணம் இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். ஒரே எச்சரிக்கை, அதே போன் ரொக்கத்துக்கு வேறு இடத்தில் குறைவாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

தொழிலுக்கு நல்ல போன் உடனே தேவை, கையில் மொத்தமாகப் பணம் இல்லை என்றால் ஒப்பந்தம் தவறே இல்லை. அதிலும் மலிவான மாடலை எடுங்கள். மாதம் 50 என்னும்போது 60-உம் பக்கத்தில்தான் இருப்பதாகத் தோன்றும். 24 மாதத்துக்கு அது இன்னொரு 240. முழுப்பணமாகக் கொடுப்பதென்றால் அந்த 240-ஐ எண்ணி வைக்கும்போதே கை நடுங்கும். அந்த நடுக்கம் நல்லது.

கடைசியாக, ஆயுள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது போன் என்ற பழக்கத்தை வளர்த்ததில் 24 மாத ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருட மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்திருக்கின்றன. மேலே போட்ட கணக்கில் அந்த 720 போனை ஐந்து வருடம் ஓட்டினால் மாதத்துக்கு 12 ஆகிறது. ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கும், முடிந்ததும் சிம் திட்டத்துக்கு மாறிவிட்டால், போனுக்கு மாதம் 14 தான். அவ்வளவு நாள் வைத்திருப்பவருக்கு இரண்டு வழிக்கும் இடையில் பெரிய தூரமே இல்லை.

நான் இப்போது வைத்திருப்பது முழுப்பணம் கொடுத்து வாங்கியது, நான்காவது வருடம் ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. பேட்டரியை மட்டும் மாற்றக் கொடுக்க வேண்டும்.