‘28 கோர் வொர்க்ஸ்டேஷன்’: எடிட்டிங் கணினி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும், கடன் வாங்கிப் புதிதாக ஸ்டுடியோ தொடங்க இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் தென்மாவட்டப் பக்கம் சில கணினிக் கடைகள் ‘வொர்க்ஸ்டேஷன்’ என்று சொல்லி ஒரு பெட்டியை விற்கின்றன. உள்ளே இருப்பது ஏதோ ஒரு சர்வரில் ஓடி ஓய்ந்து கழற்றப்பட்ட பிராசஸர். என்னிடம் அதற்கு 86,000 ரூபாய் வாங்கினார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வியாபாரம் ஒரே கடையோடு நிற்பதும் இல்லை. எனவே கடையைவிடச் சரக்கை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் கடைக்குப் போனபோது கேட்டது சாதாரண இன்டெல் ஐ5 அல்லது ஐ7 பிராசஸர்தான். என் தேவையையும் தெளிவாகவே சொன்னேன்: மூன்று கேமரா, எல்லாம் 4கே, வினாடிக்கு 50 ஃபிரேம், எச்.265 (காட்சியை அழுத்திச் சேமிக்கும் முறை), 10 பிட் (நிறத்தின் நுணுக்கம்), 4:2:2 (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகிறது என்பதன் குறி; 4:2:0 என்றால் அது இன்னும் குறைவு). இப்போது வரும் சோனி, கேனான் கேமராக்களில் பெரும்பாலோர் கல்யாணத்துக்கு வைக்கும் அமைப்பு இதுதான். பட்டுப்புடவையின் நிறமும் மேடை விளக்கும் சண்டை போடாமல் இருக்க வேண்டுமானால் 10 பிட் இல்லாமல் முடியாது.

கடைக்காரர் சிரித்தார். “அண்ணாச்சி, ஐ5, ஐ7 எல்லாம் பிள்ளைகள் கேம் விளையாடுவதற்கு. நீங்கள் தொழில் செய்கிறவர். உங்களுக்கு ஜியான் போட்டுத் தருகிறேன். 28 கோர். சினிமா ஸ்டுடியோக்களில் இதுதான் ஓடுகிறது” என்றார். ஜியான் என்பது இன்டெலின் சர்வர் வகைப் பிராசஸர்; கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு. தன் கைப்பேசியில் இன்டெல் நிறுவனத்தின் பக்கத்தையே திறந்து விலையைக் காட்டினார்: 1,745 டாலர். “பிராசஸர் மட்டுமே ஒன்றரை லட்சம். நமக்குத் தெரிந்த வழியில் வருவதால் முழு செட்டும் இந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது” என்றார்.

அவர் காட்டிய விலை பொய்யில்லை. ஆனால் அது 2016-இல் அந்தப் பிராசஸர் வெளிவந்தபோது நிர்ணயித்த விலை. ஜியான் இ5-2680 வி4 என்பது அதன் முழுப் பெயர். பெரிய நிறுவனங்கள் சர்வர்களை மாற்றும்போது இவை மூட்டை மூட்டையாக வெளியே வருகின்றன. இன்று பழைய சந்தையில் தனிப் பிராசஸராக இரண்டாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது. உண்மையான பக்கத்தைத் திறந்து, உண்மையான எண்ணைக் காட்டியே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

28 கோர் என்பது சுத்தப் பொய். அதில் இருப்பது 14 கோர், 28 த்ரெட்; அதாவது ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைச்சரடுகளைக் கையாளும், அவ்வளவுதான். கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியு-வைத் தொட்டால் பிராசஸரின் பெயர், கோர் எண்ணிக்கை, லாஜிக்கல் பிராசஸர் எண்ணிக்கை மூன்றும் வந்துவிடும். கடையில் எனக்குக் காட்டியதோ கட்டம் கட்டமாக 28 வரைபடங்கள் துள்ளும் பக்கத்தை மட்டும். அந்தக் கட்டங்கள் த்ரெட்டுக்கானவை.

பில்லையும் சொல்ல வேண்டும். முதலில் பில்லே வேண்டாம், 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். வற்புறுத்திய பிறகு தந்த பில்லில் “வொர்க்ஸ்டேஷன் சிபியு 28 கோர் - 1” என்று ஒரே வரி. மாடல் எண் இல்லை, தலைமுறை இல்லை, மதர்போர்டின் பெயர் இல்லை, ‘பயன்படுத்தியது’ என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

முதல் முகூர்த்த வேலையிலேயே குட்டு வெளிப்பட்டது. மூன்று கேமராக் காட்சிகளையும் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ஏற்றி ஓடவிட்டேன். கெட்டிமேளம் முழங்குகிறது, திரையில் மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நிற்கிறது. நாயனம் ஓய்ந்து, அட்சதை தூவும் சத்தம் கேட்ட பிறகு கை ஒரு குலுக்குக் குலுக்கி மணப்பெண்ணின் கழுத்துக்குப் போகிறது. நடுவே இருக்க வேண்டிய ஃபிரேம்களைக் காணோம். பிளேபேக்கைப் பாதி ரெசல்யூஷனுக்கு இறக்கியும் அதே கதை. சிபியு பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் ஏறி நிற்கிறது. மின்விசிறி மாவு மில் மாதிரி இரைகிறது.

கடைக்குப் போன் செய்தால், “ரேம் பற்றவில்லை அண்ணாச்சி, இன்னும் 32 ஜிபி போடுவோம்” என்றார். காசு கொடுத்துப் போட்டும் கை அந்தரத்திலேயே நின்றது. அடுத்து, “கிராபிக்ஸ் கார்டை மாற்றுவோம், ஆர்டிஎக்ஸ் 3060 போட்டால் பறக்கும்” என்றார். நல்லவேளையாக அதற்குள் தூத்துக்குடியில் எடிட்டிங் செய்யும் நண்பர் ஒருவரிடம் இந்தப் புட்டேஜைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டேன்.

அவர் வைத்திருப்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் இன்டெல் ஐ5-13500. வேடிக்கை என்னவென்றால் அதிலும் 14 கோர்தான்: 6 பெரியவை, 8 சிறியவை, 20 த்ரெட். 2023 ஜனவரியில் வந்தது. அதே மூன்று கேமராக் காட்சிகள், அதே பாதி ரெசல்யூஷன். தாலி கட்டும் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உள்ளமைந்த கிராபிக்ஸுக்கான பக்கத்தில் ‘வீடியோ டீகோட்’ என்ற வரைபடத்தைக் காட்டினார். காட்சி ஓட ஓட அது ஏறுகிறது. சிபியு நிம்மதியாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து என் கணினியில் அதே இடத்தைப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டின் டீகோட் வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது.

விஷயம் இதுதான். எச்.265 போன்ற அழுத்தப்பட்ட காட்சியை விரிப்பதற்கென்றே தனி மின்சுற்று ஒன்று சாதாரண இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கிறது. குயிக் சிங்க் என்பார்கள். 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் முதல் அது 10 பிட் 4:2:2 எச்.265-ஐயும் விரிக்கும். என் தலையில் கட்டப்பட்ட ஜியானில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. சர்வருக்குத் திரை எதற்கு? கூடவே தந்த குவாட்ரோ பி1000 கார்டு 4:2:0 எச்.265-ஐ விரிக்கும், 4:2:2-ஐத் தொடாது. கடைக்காரர் அடுத்ததாக விற்கப் பார்த்த ஆர்டிஎக்ஸ் 3060-உம் தொடாது. என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆக முழுச் சுமையும் 2016-ஆம் ஆண்டின் கோர்கள் மீது விழுகிறது. ஒவ்வொரு கோரும் முட்டி மோதினாலும் 3.3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. நண்பரின் ஐ5 4.8 வரை போகும். ஏழு ஆண்டு வடிவமைப்பு முன்னேற்றம் அதற்கு மேல். இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை கோர் என்று எண்ணுவதில் பொருளே இல்லை.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐ5-12400எஃப் என்பது போல எண்ணின் கடைசியில் ‘எஃப்’ வந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர். சில நூறோ சில ஆயிரமோ குறைவாக இருக்கும். நம் வேலைக்கு அந்த மிச்சம் தண்டம். ஐ5-12400-இல் உள்ள யுஎச்டி 730-இல் இந்தச் சுற்று ஒன்று. ஐ5-12500, 13500 போன்றவற்றின் யுஎச்டி 770-இல் இரண்டு. மூன்று கேமரா வைத்து எடிட் செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸை பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) அணைத்து வைத்திருப்பதும் உண்டு. அதை இயக்கிவிட வேண்டும். ஏஎம்டி ரைசன் பிராசஸர்கள் நல்லவைதான், ஆனால் அவற்றின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இந்த 4:2:2-ஐ விரிக்காது. உங்கள் கேமரா 4:2:0-வில் பதிவு செய்தால் ரைசனைத் தாராளமாக எடுக்கலாம்.

பிறகு கணினி மெக்கானிக் ஒருவரை வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தோம். “கிழித்தால் வாரண்டி இல்லை” என்ற ஸ்டிக்கர் முதலில் படத்தில் பதிவானது. ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்திருந்த பசையை ஸ்பிரிட்டால் துடைத்ததும் பிராசஸரின் மூடியில் எழுத்துகள் தெரிந்தன: இ5-2680 வி4, எஸ்ஆர்2என்7, 2.40 கிகாஹெர்ட்ஸ். மூடியின் ஓரங்களில் பலமுறை மாட்டிக் கழற்றிய கீறல்கள். ரேம் பட்டைகளில் பிசி4-2400டி-ஆர் என்ற லேபிள். கடைசியில் வரும் ‘ஆர்’ அது சர்வருக்கான ரிஜிஸ்டர்டு ரேம் என்பதற்கான குறி. பக்கத்திலேயே ஒரு பார்கோடைச் சுரண்டிய அடையாளம். மதர்போர்டில் எக்ஸ்99 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது; தயாரிப்பாளர் பெயரைத்தான் எங்கேயும் காணவில்லை. விண்டோஸ் 11-ஐயும் சோதனைகளைத் தாண்டித் திணித்திருந்தார்கள். மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இந்தத் தலைமுறையே கிடையாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால் பழைய ஜியான் குப்பையல்ல. வீட்டில் சர்வர் அமைத்துப் பழகும் மாணவருக்கு, பழையது என்று சொல்லிப் பழைய விலைக்கு விற்றால் அது அருமையான பொருள். உண்மையான வொர்க்ஸ்டேஷன் பிராசஸர்களுக்கும் வேலை இருக்கிறது. ஏஎம்டியின் திரெட்ரிப்பர் புரோ வகையில் எட்டு மெமரி சேனல்கள், அதாவது ரேமுக்குப் போய்வரும் வழிகள். 7000 வரிசையில் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றை இணைக்கும் 128 பிசிஐஇ 5.0 பாதைகள், 2 டிபி வரை ரேம். சாதாரண டெஸ்க்டாப் பிராசஸரில் மெமரி சேனல் இரண்டுதான். நாலு கிராபிக்ஸ் கார்டு மாட்டி முப்பரிமாணக் காட்சி ரெண்டர் செய்பவருக்கும், பெரிய பொறியியல் கணக்குகளை நாள்கணக்கில் ஓட்டுபவருக்கும் அது அவசியம். 24 கோர் திரெட்ரிப்பர் 7960எக்ஸ் பிராசஸர் மட்டும் அறிமுகத்தில் 1,499 டாலர். 350 வாட் குடிக்கும். அதற்கான மதர்போர்டும் ரிஜிஸ்டர்டு ரேமும் தனிச் செலவு. இதையெல்லாம் 86,000 ரூபாய்க்குள் அடக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் படியிலிருந்து இறங்கிவிடுங்கள். ஆட்டோகேட், ஃபோட்டோஷாப், ஆல்பம் டிசைன் போன்ற வேலைகளுக்கு ஒற்றைக் கோரின் வேகம்தான் பெரும்பாலும் பேசும். அங்கே வொர்க்ஸ்டேஷன் பிராசஸர் பின்தங்கினாலும் வியப்பில்லை.

“ஈசிசி மெமரி இருக்கிறது, தரவு கெடாது” என்று மயக்குவதும் உண்டு. ஈசிசி, அதாவது மெமரியில் வரும் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி, நல்லதுதான். அது வேண்டுமானால் டபிள்யூ680 சிப்செட் மதர்போர்டில் ஐ5-12500 போன்ற சாதாரணப் பிராசஸருக்கே கிடைக்கும்.

புதிய டெஸ்க்டாப் பிராசஸர்களில் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் தடுமாறிய செய்தி 2024-இல் பெரிதாக அடிபட்டது. ஆனால் அப்போது இன்டெல் அவற்றுக்கான வாரண்டியை மேலும் 2 ஆண்டு நீட்டித்தது. என் ஜியானுக்கு வாரண்டி கேட்டபோது கடைக்காரர் சொன்னது “டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள்” என்பதுதான்.

இப்போது புகார் விவரம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள் அண்ணாச்சி, நுகர்வோர் கோர்ட்டெல்லாம் வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குத்தான்” என்று பயமுறுத்தினார். இது பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஒற்றை ஆளாக ஸ்டுடியோ நடத்துகிறவர்கள் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பொருளைப் புதியது என்று விற்பது அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிகமுறை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். கடைக்கு அறிவிப்பு போனதும், பெட்டியை 35,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தார். மறுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இணையம் வழியாகவே மனு கொடுக்கலாம், 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில், திறந்தபோது எடுத்த வீடியோ, வாட்ஸ்அப்பில் “28 கோர், எல்லாம் புதுசு” என்று அவர் அனுப்பிய செய்தி மூன்றையும் இணைத்திருக்கிறேன். அந்த வாட்ஸ்அப் செய்தி மட்டும் இல்லாதிருந்தால், பழையது என்று வாயால் சொல்லித்தான் விற்றேன் என்று அவர் தப்பித்திருப்பார். எனவே விலை பேசி முடித்தவுடன், “நீங்கள் சொன்ன பிராசஸர் இன்ன மாடல், புதியது, சரிதானே?” என்று ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். பில்லில் மாடல் எண் எழுத மறுத்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடக் காட்சியை உங்கள் கேமராவிலிருந்தே பென்டிரைவில் கொண்டுபோய், வாங்கப்போகும் கணினியிலேயே பிரீமியரில் ஓட்டிப் பாருங்கள்.

அதே கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இந்த வாரம் புது விளம்பரம் ஓடுகிறது: “36 கோர் எடிட்டிங் வொர்க்ஸ்டேஷன், சீசன் சலுகை.” மாடல் எண் போடவில்லை. 18 கோர், 36 த்ரெட் கொண்ட ஜியான் இ5-2699 வி3 வெளிவந்தது 2014-இல். கேட்கப் போகிறவர்கள் முதலில் மாடல் எண்ணையே கேளுங்கள்.