மனநலச் சுயபரிசோதனை வினாத்தாள்கள்: தாளிலும் இணையத்திலும் செயலியிலும் நிரப்பிப் பார்த்த ஒரு மதிப்புரை

மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7 ஆகிய இரண்டு வினாத்தாள்களைத் தாளிலும், ஓர் இணையதளத்திலும், ஒரு கைப்பேசிச் செயலியிலும் நிரப்பிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலுள்ள ஐ.டி. அலுவலகங்களில் மனிதவளத் துறை அனுப்பும் நலவாழ்வு இணைப்பானாலும், தனியார் கிளினிக்கில் டோக்கனோடு சேர்த்துக் கையில் கொடுக்கும் தாளானாலும், நான் பார்த்த வரையில் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இவ்விரண்டே. மேலட்டையின் நிறமும் நிறுவனத்தின் முத்திரையும்தான் மாறுகின்றன. ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் க்ரோன்கே, ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கிய பி.எச்.க்யூ-9 பற்றிய ஆய்வு 2001-இலும், ஜி.ஏ.டி-7 பற்றியது 2006-இலும் வெளியாயின. இவற்றைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி பெறவோ கட்டணம் செலுத்தவோ தேவையில்லை. தமிழ் வடிவமும் கிடைக்கிறது. ஆகவே இதற்கென்று பணம் கேட்கும் செயலி எதுவானாலும், இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு விற்கிறது என்று பொருள்.

பி.எச்.க்யூ-9 கடந்த இரண்டு வாரங்களை மட்டுமே கேட்கிறது. ஆர்வக் குறைவு, மனச்சோர்வு, தூக்கம், அசதி, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், உடல் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, இறந்துபோனால் தேவலை என்ற எண்ணம் என ஒன்பது வரிகள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்பதற்குப் பூஜ்யம் முதல் ‘கிட்டத்தட்ட தினமும்’ என்பதற்கு 3 வரை மதிப்பெண். மொத்தம் 27-இல் 5, 10, 15, 20 ஆகிய எல்லைகளில் இலேசானது, மிதமானது, ஓரளவு கடுமையானது, கடுமையானது என்று பிரிக்கிறார்கள். ஜி.ஏ.டி-7 இதே அமைப்பில் 21 மதிப்பெண் கொண்டது.

என் கூட்டுத்தொகை 11. தூக்கத்துக்கு 3, அசதிக்கு 3, பசிக்கு 2, கவனத்துக்கு 2, ஆர்வக் குறைவுக்கு 1. மனம் சோர்ந்திருந்ததா என்ற வரியில் பூஜ்யம். செயலி இதற்கு ஆரஞ்சு நிறப் பட்டையில் ‘மிதமான மனச்சோர்வு’ என்று தீர்ப்பெழுதிவிட்டது. அண்ணா நகரில் நான் பார்த்த மனநல மருத்துவரோ தாளின் அடியிலிருந்த கூட்டுத்தொகையைக் கண்டுகொள்ளவே இல்லை, பேனா முனையை முதல் இரண்டு வரிகளில் வைத்து, “இதுல ரெண்டுலயும் பெருசா ஒண்ணும் இல்லையேம்மா, நைட் ஷிஃப்டா?” என்று கேட்டார். ஆர்வக் குறைவு, மனச்சோர்வு ஆகிய இரண்டில் ஒன்றாவது பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் இருந்தால்தான் மனச்சோர்வு நோய் என்ற திசையில் மருத்துவர் யோசிப்பார் என்பதும், மற்ற வரிகள் அதற்குத் துணை நிற்பவையே என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தன. தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் நன்றாகவே குறைந்திருந்தது. எனக்குக் கிடைத்தவை இரும்புச்சத்து மாத்திரையும், பகல் ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும்.

முதல் இரண்டு வரிகளில் மும்மூன்று, தாழ்வெண்ணத்துக்கு 3, கடைசி வரியில் 2 என்று இன்னொருவர் குறித்திருந்தாலும் கூட்டுத்தொகை அதே 11-தான். அவருக்கும் எனக்கும் செயலி ஒரே ஆரஞ்சுப் பட்டையைத்தான் காட்டும். அவர் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். கூட்டுத்தொகையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு வரிகளை மறைத்துவிடும் எந்த வடிவத்தையும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பரிந்துரைக்க மாட்டேன். (அக்னி நட்சத்திரத்தில் மின்சாரம் போய்வரும் இரவுகளுக்குப் பிறகு நிரப்பச் சொன்னால் சென்னையில் பாதிப்பேருக்குத் தூக்க வரியில் 2 விழும் என்பது வேறு விஷயம்.)

துல்லியம் பற்றியும் சொல்ல வேண்டும். 10 மதிப்பெண்ணை எல்லையாகக் கொண்டால், நோய் உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரை இது பிடித்துவிடுகிறது என்றும், நோய் இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கிவிடுகிறது என்றும் 2001 ஆய்வு காட்டியது. கேட்பதற்கு நிறைவாக இருக்கும் இந்த எண்களை ஓர் அலுவலகத்தின் 100 ஊழியர்கள் மீது வைத்துப் பாருங்கள். அவர்களில் 10 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கொண்டால், அவர்களில் ஏறத்தாழ 9 பேர் பிடிபடுவார்கள். மீதமுள்ள 90 பேரிலும் ஏறத்தாழ 11 பேர் எல்லையைத் தாண்டிவிடுவார்கள். ஆக, எல்லையைத் தாண்டிய 20 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் இல்லை. சல்லடையாக இது நல்ல சல்லடை. நோயின் பெயரைச் சொல்வது இதன் வேலையன்று. இதை மனிதவளத் துறையினரின் மின்னஞ்சல் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

கேட்கப்படாதவையும் உண்டு. அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத சுறுசுறுப்பும் முன்பு எப்போதாவது வந்ததுண்டா என்ற கேள்வி இதில் இல்லை. இப்படி உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனையப் பிறழ்வு (பைபோலார்) உள்ள ஒருவர் சோர்வுக் காலத்தில் இதை நிரப்பினால் வெறும் மனச்சோர்வு என்றே தெரியும். அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது உற்சாக நிலையைக் கிளப்பிவிடக்கூடும். அண்மையில் நெருங்கியவரைப் பறிகொடுத்தது, குடிப்பழக்கம், உட்கொள்ளும் வேறு மருந்துகள் ஆகியவற்றையும் எதிரில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர்தான் கேட்டாக வேண்டும். எட்டாவது வரி, உங்கள் மந்தமோ படபடப்போ பிறர் கவனிக்கும் அளவுக்கு இருந்ததா என்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனி அறையில் இருப்பவரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

ஒன்பதாவது வரியை வைத்துத்தான் மூன்று வடிவங்களையும் எடைபோட்டேன். சோதித்துப் பார்ப்பதற்காக அதில் ‘பல நாட்கள்’ என்று மாற்றிக் குறித்தபோது, இணையதளம் உடனே நின்று, அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐத் திரையின் நடுவில் காட்டியது. செயலி ஒரு மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு, முடிவைப் பார்க்க என் கைப்பேசி எண்ணைக் கேட்டது. மறுநாள் காலை அழைத்த பெண், ஆலோசனை பேக்கேஜுக்குத் தள்ளுபடி இருக்கிறது என்றார். அந்தப் பதிலை அவர் பார்த்திருந்தாரா என்று கேட்டதற்கு விடை வரவில்லை. கிளினிக்கில் தாளைத் திருப்பி வாங்கிய செவிலியர் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்த்தார். எதையும் பேசாமல் கோப்பில் செருகினார். இந்த வரியில் பூஜ்யத்துக்கு மேல் எதைக் குறித்தவரும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416-இல் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தாளுக்கு இன்னொரு நன்மை, அதைத் தனிமையில் நிரப்பலாம் என்பது. ஒரே கைப்பேசி நான்கு பேர் கையில் புரளும் வீட்டில் யாரும் உண்மையைக் குறிக்க மாட்டார்கள்; ‘கீழ்ப்பாக்கம் போகணும்’ என்பதைக் கேலியாகவே கேட்டு வளர்ந்த ஊரில், அங்குள்ள அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்கு நேராகப் போவதற்குத் தயங்குபவர்களுக்கு ஒரு தாளை நிரப்புவது முதல் படியாக அமைகிறது. அந்த அளவில் எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு.

ஒருமுறை நிரப்பி எறிந்துவிட வேண்டாம். சிகிச்சை தொடங்கியபின் 5 மதிப்பெண் குறைந்தாலே அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வார்கள். மொத்தமே 5-க்குக் கீழே வந்துவிட்டால் அறிகுறிகள் ஏறக்குறைய நீங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் தேதியிட்ட தாளை மருந்துச் சீட்டோடு சேர்த்து வைப்பது நல்லது. பிரசவித்த தாய்மார்களுக்கு மட்டும் இதற்குப் பதிலாக பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்று 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலைக் கேட்டு வாங்குவது பொருத்தம். அது கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள் கொண்டது. கைக்குழந்தை வைத்திருக்கும் யாருக்கும் கெட்டே இருக்கும் பசியையும் அசதியையும் அதில் கணக்கில் சேர்ப்பதில்லை.