'லேர்னிங் ஹவ் டு லேர்ன்' கோர்ஸ்: "இனிமே எனக்கு எங்க ஏறப் போகுது"ன்னு நினைக்கறவங்க கண்டிப்பா பாக்கணும்

பாசிட்டிவ்வா இருங்க, எல்லாம் தானா நடக்கும்னு சொல்ற வீடியோக்கு பஞ்சமே இல்ல. பாக்கறப்போ உடம்பெல்லாம் புல்லரிக்கும், மறுநாள் காலைல எழுந்தா அந்த வேகம் எங்க போச்சுன்னே தெரியாது. ஏன் பாசிட்டிவ்வா இருக்கணும், அப்படி இருந்தா மூளைக்குள்ள என்ன நடக்குது, நாப்பது வயசுலயும் அறுபது வயசுலயும் அது நடக்குமான்னு உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுக்கறவங்க ரொம்ப கம்மி. கோர்செராங்கற ஆன்லைன் கோர்ஸ் வெப்சைட்ல இருக்கற 'லேர்னிங் ஹவ் டு லேர்ன்' அந்த வேலையை நல்லாவே பண்ணுது, அதான் இந்த ரிவ்யூ.

2014ல வந்த கோர்ஸ் இது. பார்பரா ஓக்லின்னு ஒரு இன்ஜினியரிங் புரொஃபசரும், டெரன்ஸ் செய்னோவ்ஸ்கின்னு மூளை ஆராய்ச்சி பண்ற விஞ்ஞானியும் சேந்து எடுத்திருக்காங்க. மொத்தம் நாலு வாரத்துக்கான பாடம். எல்லாம் குட்டி குட்டி வீடியோ, நடுவுல சின்ன சின்ன கேள்வி, வார கடைசில ஒரு குவிஸ். இதுவரைக்கும் லட்சக்கணக்கான பேர் சேந்திருக்காங்க, ஸ்கூல் பசங்கள்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க வரைக்கும். இங்கிலீஷ் ரொம்ப எளிமையா இருக்கும், வேகம் ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா ஸ்பீடை குறைச்சு வெச்சு பாக்கலாம்.

எனக்கு முதல்ல பிடிச்சது ஓக்லியோட கதைதான். ஸ்கூல் முழுக்க மேத்ஸ்லயும் சயின்ஸ்லயும் ஃபெயில் ஆனவங்க அவங்க, நமக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாதுன்னு முடிவே பண்ணிட்டாங்க. ஸ்கூல் முடிச்சதும் அமெரிக்க ராணுவத்துல சேந்து ரஷ்யன் கத்துக்கிட்டாங்க. அப்பறம் 26 வயசுல ராணுவத்துல இருந்து வெளிய வந்து, ஸ்கூல் பசங்க படிக்கற அல்ஜீப்ராவுல இருந்து திரும்ப ஆரம்பிச்சு, கடைசில இன்ஜினியரிங் புரொஃபசரே ஆயிட்டாங்க. இதுல நான் கவனிச்ச விஷயம் என்னன்னா, அவங்க "என்னால முடியும் என்னால முடியும்"னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லி ஜெயிக்கல, மொழியை தினமும் பேசிப் பேசி பழகின மாதிரியே கணக்கையும் பழகிப் பாத்தா என்னன்னு யோசிச்சாங்க. ஒரு விஷயத்துல ஜெயிச்ச வழி இன்னொண்ணுலயும் கை குடுக்கும்னு ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதனாலதான் நின்னுச்சுன்னு நான் நினைக்கறேன்.

கோர்ஸ்ல தள்ளிப்போடுற பழக்கத்தை பத்தி வர்ற பகுதி இருக்கே, அதை மட்டும் நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன். நமக்கு பிடிக்காத வேலையை நினைச்சாலே மூளைல வலி சம்பந்தப்பட்ட பகுதி தூண்டப்படுதாம், அந்த வலில இருந்து தப்பிக்கத்தான் நாம போனை எடுக்கறோம். ஆனா வேலையை ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே அந்த வலி போயிடுது. அதாவது கஷ்டம் வேலைல இல்ல, வேலையை நினைச்சுப் பாக்கறதுல இருக்கு. இதை கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நான் சோம்பேறியும் இல்ல, வயசாயிடுச்சுன்னு அர்த்தமும் இல்ல, எல்லார் மூளையும் இப்படித்தான்னு தெரிஞ்சாலே பாதி பாரம் இறங்கிடுது. அதுக்கு அவங்க சொல்ற வழி பொமடோரோ. 1980கள் கடைசில பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச முறை, டைமர்ல 25 நிமிஷம் வெச்சுட்டு போனை கைக்கு எட்டாத இடத்துல வெச்சுட்டு உக்கார வேண்டியது, முடிஞ்சதும் ஒரு சின்ன பிரேக். இதுல முக்கியமானது என்னன்னா, "இந்த பாடத்தை முடிக்கணும்"னு உக்காரக்கூடாது, "இந்த 25 நிமிஷம் இதுல இருக்கணும்"னு உக்காரணும். ரிசல்ட்டை நினைச்சா வலி வரும், செய்யறதை மட்டும் நினைச்சா வராது. பாசிட்டிவ் ஆட்டிட்யூட்னு நாம பெருசா சொல்றதை இவ்வளவு சின்னதா, கைல பிடிக்கற மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

எங்க அக்காவையும் கூட உக்கார வெச்சுத்தான் பாத்தேன். அவ ரிட்டயர் ஆகி கீபோர்டு வாசிக்க கத்துக்கணும்னு ஆசைப்பட்டா, ஆனா ரெண்டு கையும் சேந்து வாசிக்கற இடம் வந்தாலே நிறுத்திடுவா. "இந்த வயசுல என் விரல் எங்கடி கேக்கப் போகுது, இதெல்லாம் சின்ன வயசுலயே கத்திருக்கணும்"னு சொல்லிட்டு மூடி வெச்சிடுவா. கோர்ஸ்ல ரெண்டாவது வாரம் 'சங்கிங்'னு ஒரு பாடம் வரும், எதையும் சின்ன சின்ன துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் யோசிக்காமலே வர்ற அளவுக்கு பழகிட்டு, அப்பறம் ஒண்ணோட ஒண்ணு சேக்கறது. அதை பாத்துட்டு அக்கா பாட்டு முழுசையும் விட்டுட்டு முதல் நாலு தாளக்கட்டு மட்டும் எடுத்தா, இடது கை மட்டும் தனியா, ரொம்ப மெதுவா, கண்ணை மூடிட்டும் விரல் சரியா விழற வரைக்கும். அப்பறம் வலது கை. ரெண்டும் சேந்தப்போ முதல்ல தடுமாறுச்சு, சுண்டு விரல் மட்டும் எப்பவும் பக்கத்து கட்டைல போய் விழும், அவ அந்த ஒரு விரலுக்கு மட்டும் தனியா உக்காந்து வாசிச்சா. ஒரு சாயங்காலம் அந்த நாலு கட்டும் நிக்காம வந்துச்சு. "ஏய், வருதுடி"ன்னு அவ திரும்பி என்னை பாத்த பார்வை இருக்கே! அதுக்கப்பறம் வயசு பத்தின பேச்சே அவ எடுக்கல. நான் கவனிச்ச வரைக்கும் அவளுக்கு நம்பிக்கை முதல்ல வந்து அப்பறம் வாசிப்பு வரல, வாசிப்பு கொஞ்சம் வந்துச்சு, நம்பிக்கை கொஞ்சம் வந்துச்சு, அது இன்னும் கொஞ்சம் வாசிக்க வெச்சுச்சு, இப்படி மாறி மாறிதான் ஏறுச்சு.

இன்னொரு பாடம், படிச்சதையே திரும்பத் திரும்ப படிச்சா தெரிஞ்ச மாதிரி ஒரு பிரமை வரும், புக்கை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தாத்தான் உண்மை தெரியும்ங்கறது. வெள்ளைத் தாளை பாக்கறப்போ ஒண்ணுமே வராம முழிக்கறோம்ல, அது தோல்வி இல்ல, அந்த திணறல்தான் படிப்பை உள்ள பதிய வைக்குதுன்னு விளக்கறாங்க. அதே மாதிரி தூக்கத்தை பத்தியும் ஒரு வீடியோ இருக்கு. ஒரு நரம்பு செல்லோட கிளைல, கத்துக்கிட்டு தூங்கி எழுந்ததுக்கு அப்பறம் புதுசா முளைச்சிருக்கற இணைப்புகளை படமா காட்டுவாங்க, அதை பாத்தப்போ நான் வீடியோவை நிறுத்தி வெச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

நாலாவது வாரத்துல சான்டியாகோ ரமோன் இ கஹால் வர்றார். நவீன நரம்பியலுக்கு அப்பான்னே சொல்லுவாங்க, 1906ல நோபல் பரிசு வாங்கினவர். ஆனா சின்ன வயசுல அவர் பண்ணாத சேட்டை இல்ல, 11 வயசுல சொந்தமா பீரங்கி செஞ்சு அக்கம்பக்கத்து வீட்டு கதவை உடைச்சு ஜெயிலுக்கே போனவர். தன்னை ஒரு மேதைன்னு அவர் சொல்லிக்கவே இல்ல, விடாம உழைக்கறதும் தப்புன்னு தெரிஞ்சா மனசை மாத்திக்கறதும்தான் தன்னோட பலம்னு சொன்னவர். இதுல ஒரு விஷயத்தை நானா சேத்து சொல்றேன். வளந்த மனுஷனோட மூளைல நரம்புப் பாதைகள் எல்லாம் இனிமே மாறாதுன்னு எழுதினதும் இதே கஹால்தான். அவ்வளவு பெரிய ஆள் சொன்னதையே பின்னாடி வந்த ஆராய்ச்சிங்க மாத்திடுச்சு, வளந்தப்பறமும் இணைப்புகள் மாறுது, புதுசா வருதுன்னு இன்னைக்கு நல்லாவே தெரியும். லண்டன்ல டாக்சி ஓட்டறவங்க மூளையை ஸ்கேன் பண்ணி 2000ல வந்த ஆராய்ச்சி ரொம்ப ஃபேமஸ், வழியை ஞாபகம் வெச்சுக்கற பகுதியோட பின்பக்கம் அவங்களுக்கு மத்தவங்களை விட பெருசா இருந்துச்சு. எல்லாரும் பெரியவங்களா ஆனப்பறம் அந்த வேலைக்கு வந்தவங்க.

குறைன்னு சொன்னா, கணக்கு, சயின்ஸ் உதாரணம்தான் அதிகம், கலையோ கைத்தொழிலோ கத்துக்கறவங்க நாமளே பொருத்திப் பாத்துக்கணும். கடைசி வாரம் கொஞ்சம் அவசரமா முடியற மாதிரி எனக்கு தோணுச்சு, வயசானவங்க படிப்பை பத்தி இன்னும் நிறைய சொல்லிருக்கலாம். பெரியவங்க மூளைலயும் புது நரம்பு செல் பிறக்குதுன்னு அடிச்சு சொல்றாங்க, ஆனா 2018ல ஒரு ஆராய்ச்சி இல்லைன்னும் இன்னொண்ணு ஆமான்னும் வந்து விஞ்ஞானிகளுக்குள்ள பெரிய விவாதமாயிடுச்சு, அதனால அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா எடுத்துக்கோங்க. எக்சர்சைஸ் பத்தியும் பேசறாங்க, அது மூளைக்கு நல்லதுங்கறதுல சந்தேகம் வேண்டாம்.

எனக்கு பெரிய குறையா பட்டது வேற. எந்த மாதிரி பாசிட்டிவ் நல்லது, எது கெடுதல்னு கோர்ஸ்ல தெளிவா பிரிச்சு சொல்லல. இதை கேப்ரியேல் ஓட்டிங்கன்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. உடம்பு இளைக்க ஒரு புரோகிராம்ல சேந்த பெண்களை வெச்சு 1991ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, "நம்மால முடியும்"னு எதிர்பாத்தவங்க நிறைய இளைச்சாங்க, ஆனா இளைச்ச மாதிரியே அழகா கனவு கண்டவங்க கம்மியாத்தான் இளைச்சாங்க. வேலை தேடற பட்டதாரிங்களை வெச்சு 2002ல வந்ததுலயும் அதே கதைதான், நல்ல வேலை கிடைக்கும்னு நம்பினவங்களுக்கு கிடைச்சுது, கிடைச்சுட்ட மாதிரி கனவுலயே இருந்தவங்களுக்கு வேலையும் கம்மி சம்பளமும் கம்மி. நம்பறது வேற, கனவுலயே அனுபவிச்சு முடிச்சிடறது வேற. அதனால அவங்க சொல்ற முறைல ஆசை, அது நடந்தா எப்படி இருக்கும், அப்பறம் எனக்குள்ள என்ன தடை, அந்த தடை வந்தா என்ன பண்ணுவேன்னு நாலையும் வரிசையா யோசிக்கணும். அந்த நாலோட இங்கிலீஷ் முதல் எழுத்துங்களை சேத்து 'வூப்' (WOOP)னு பேர். அக்கா இதையும் பண்ணா, "சுண்டு விரல் தப்பினா எழுந்து போகாம அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்ப வாசிப்பேன்"னு ஒரு சீட்டுல எழுதி கீபோர்டு மேல ஒட்டிருந்தா.

வயசை பத்தின நினைப்பு எவ்வளவு ஆழமா வேலை செய்யும்னு தெரிஞ்சுக்க பெக்கா லெவிங்கற ஆராய்ச்சியாளர் 2002ல வெளியிட்ட ஆராய்ச்சியை சொல்லணும். அமெரிக்காவுல ஒஹாயோ மாகாணத்துல 50 வயசு தாண்டின 660 பேர்ல, வயசாகறதை பத்தி நல்ல எண்ணம் வெச்சிருந்தவங்க, கெட்ட எண்ணம் வெச்சிருந்தவங்களை விட சராசரியா 7.5 வருஷம் அதிகமா வாழ்ந்திருக்காங்க. உடல்நிலை, வருமானம், தனிமை எல்லாத்தையும் கணக்குல எடுத்த அப்பறமும் வித்தியாசம் இருந்துச்சு. எண்ணம்தான் ஆயுசை கூட்டுச்சுன்னு இதை வெச்சு மட்டும் அடிச்சு சொல்ல முடியாதுதான், ஆனா "வயசாச்சு, இனிமே என்ன"ன்னு தினமும் நமக்கு நாமே சொல்லிக்கறது சும்மா போற பேச்சு இல்லன்னு எனக்கு இதுல இருந்து உறைச்சுது. தயவுசெஞ்சு உங்க வீட்டு பெரியவங்க கிட்டயும் அப்படி சொல்லாதீங்க, ஜாலிக்கு கூட.

யாருக்கு இந்த கோர்ஸ்? வேலை மாத்தறவங்க, குழந்தைங்க வளந்தப்பறம் திரும்ப படிக்க வர்றவங்க, ரிட்டயர் ஆனவங்க, பரிட்சைக்கு பயப்படற பசங்க. ஏற்கெனவே நல்லா படிக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு பாதி தெரிஞ்ச விஷயமாத்தான் இருக்கும், அவங்க ஸ்கிப் பண்ணலாம். சர்டிபிகேட் வேணும்னா காசு கட்டணும், சும்மா கத்துக்கத்தான்னா சர்டிபிகேட் தேவையே இல்ல. என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை. வீடியோவை வரிசையா ஓட விட்டு ஒரே நாள்ல முடிச்சிடாதீங்க, கத்துக்கணும்னு ஆசைப்படற ஒரு விஷயத்தை பக்கத்துல வெச்சுட்டு, ஒவ்வொரு பாடத்தையும் அதுலயே போட்டுப் பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க. நேரமே இல்லன்னா தள்ளிப்போடற பழக்கத்தை பத்தி வர்ற மூணாவது வாரத்தை மட்டும் முதல்ல பாத்துட்டு, அன்னைக்கே டைமரை 25 நிமிஷத்துக்கு வெச்சு உக்காந்துடுங்க.