உறைபனி இரவில் மரக்கறிப் பாத்தி: தண்ணீரா, போர்வையா, புகையா?

நுவரெலியாவில் வெப்பநிலை 4 பாகை செல்சியஸ் என்று காலைச் செய்தி சொல்லும். அதே விடியலில் கந்தப்பளையிலும் மீப்பிலிமானையிலும் உருளைக்கிழங்கு இலைமேல் வெள்ளை பூத்துக் கிடக்கும். செய்தியில் தவறில்லை. வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், கூண்டுக்குள் தொங்குகிறது. இலையோ திறந்த வானத்தைப் பார்த்துக் கிடந்து, இரவு முழுக்கத் தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் இலை மட்டத்தில் அந்தக் கூண்டைவிட நாலைந்து பாகை குறைந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை, வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுக்கும் நாட்களில்தான் இந்தத் தொல்லை. பகலில் சுள்ளென்ற வெயில், பின்னேரம் காற்று அடங்கல், இருட்டியதும் வானம் நிறைய நட்சத்திரம். இவை சேர்ந்து வந்தால் படுக்கப் போகுமுன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

எல்லாப் பாத்திக்கும் ஒரே கவலை தேவையில்லை. லீக்ஸ், கரட், கோவா மூன்றும் இங்கே வரும் உறைபனியைப் பெரும்பாலும் தாங்கிவிடும். போஞ்சியும் தக்காளியும் 0 பாகைக்குச் சற்றுக் கீழே போனாலே சுருண்டு கறுக்கும். உருளைக்கிழங்கு இலை கழித்தல் 1, கழித்தல் 2 பாகைக்குள் வெந்தது போலாகும். ஸ்ட்ரோபெரிச் செடி பிழைக்கும், ஆனால் விரிந்த பூவின் நடு கறுத்து காய் பிடிக்காது. இருக்கிற ஆளையும் தண்ணீரையும் போஞ்சி, உருளைக்கிழங்கு, பூத்த ஸ்ட்ரோபெரி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள்.

மண்ணை நனைத்து வைப்பது

எந்த முறையைத் தேர்ந்தாலும் இதை முதலில் செய்துவிட வேண்டும். ஈர மண் பகல் வெயிலைக் கூடுதலாக வாங்கிச் சேமித்து, இரவில் மெல்ல விடும். உலர்ந்த பொலபொல மண்ணுக்குள் காற்றுதான் அதிகம், அது சூட்டைப் பிடித்து வைக்காது. ஏற்கெனவே ஓரளவு ஈரமுள்ள நிலத்துக்குப் பேர்ச் (ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) ஒன்றுக்கு 250 லீற்றர், அதாவது 10 மில்லிமீற்றர் மழை அளவு போதும். நன்றாகக் காய்ந்திருந்தால் அதைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும். ஊற்றும் நேரம் முற்பகல். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஊற்றினால் மண்மேலும் இலைமேலும் நிற்கும் ஈரம் ஆவியாகி, இருக்கிற சூட்டையும் கொண்டுபோகும்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை இது: குளிருக்குப் பாதுகாப்பு என்று எண்ணி மானாப் புல்லையும் வைக்கோலையும் பாத்தியில் பரப்புகிறார்கள். அந்த மூடாக்கு மண்ணின் சூட்டை மண்ணுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. மேலே நிற்கும் இலைக்கு அது வந்து சேர்வதில்லை, ஆகவே மூடாக்கு உள்ள பாத்தியில்தான் முதலில் வெள்ளை விழும். பனிக் காலம் முடியும்வரை அதை வரப்புக்கு ஒதுக்கி, களையும் பிடுங்கி, மண்ணை வெயிலுக்குத் திறந்து வையுங்கள்.

மண்ணை நனைத்துத் திறந்து வைப்பதில் கிடைப்பது ஒரு பாகை அளவு கூடுதல் சூடு, சில இரவில் அதற்கும் குறைவு. லேசான பனிக்கு அதுவே காப்பாற்றும். கடும் பனிக்குத் தனியாக நிற்காது.

இரவு முழுக்கத் தூவல் நீர்

வலிமையில் இதற்கு நிகர் வேறில்லை. ஆபத்தும் இதில்தான் அதிகம். ஒரு லீற்றர் நீர் பனிக்கட்டியாக உறையும்போது சுமார் 334 கிலோஜூல் சூட்டை வெளியே விடுகிறது. தொடர்ந்து நீர் விழுந்து தொடர்ந்து உறைந்துகொண்டிருந்தால், கட்டிக்குள் இருக்கும் இலை 0 பாகையை ஒட்டியே நிற்கும், கீழே இறங்காது. ஆனால் அதே ஒரு லீற்றர் ஆவியானால் சுமார் 2,500 கிலோஜூல் சூட்டை உறிஞ்சுகிறது. ஏழரை லீற்றர் உறைந்து கொடுத்ததை ஒரு லீற்றர் ஆவியாகி எடுத்துவிடும். இரவு மூன்று மணிக்கு மோட்டார் நின்றால், நனைந்த பாத்தி நனையாத பாத்தியைவிட மோசமாகக் கருகுவது இதனால்தான்.

அளவைப் பார்ப்போம். மணிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஒரு பேர்ச்சுக்கு மணிக்கு 76 லீற்றர். 20 பேர்ச் தோட்டத்துக்கு மணிக்கு 1,500 லீற்றருக்குச் சற்று மேல். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 8 மணி வரை ஓட்டினால் ஏறத்தாழ 12,000 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கி பன்னிரண்டு. ஓடையோ கிணறோ பக்கத்தில் இல்லாமல், பீலித் தண்ணீரை (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவதை) நம்பி இதில் இறங்கக்கூடாது. காற்று லேசாக அசைந்தாலோ காற்றில் ஈரம் குறைந்தாலோ 3 மில்லிமீற்றர் போதாது, 4க்கும் மேல் வேண்டும். நீர் தூவும் கருவி (ஸ்பிரிங்ளர்) ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் இரண்டு நனைப்புக்கு இடையில் இலை குளிர்ந்துவிடும். அரை நிமிடத்தில் சுற்றுவதைத் தேடி வாங்குங்கள்.

தொடங்கும் நேரத்தைச் சாதாரண வெப்பமானி சரியாகச் சொல்லாது. இன்னொரு வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சுத் திரி சுற்றி, தோட்டத்தின் மிகத் தாழ்ந்த பாத்தியில், இலை உயரத்தில் மாட்டுங்கள். அது 1 பாகைக்கு இறங்கும்போது தண்ணீரைத் திறக்க வேண்டும். உலர்ந்த இரவில் சாதாரண வெப்பமானி அப்போதும் 3 அல்லது 4 காட்டும். அதை நம்பிக் காத்திருந்தால், தொடங்கியதுமே ஆவியாதல் இலையை உறைநிலைக்குக் கீழே தள்ளிவிடும். நிறுத்துவதற்கும் பொறுமை வேண்டும். வெயில் விழுந்து கட்டி தானாக உருகிக் கழன்று விழவேண்டும், திரி சுற்றிய வெப்பமானியும் 0க்கு மேலே ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன்பு மூடிவிட்டால் இரவெல்லாம் விழித்திருந்த பாடு வீணாகும்.

ஓடும்போது கட்டியின் நிறத்தைக் கவனியுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் நீர் போதும். பால் போல வெளுத்திருந்தால் நீர் குறைவு. இரண்டு அங்குலப் பெற்றோல் பம்பின் தாங்கி ஒரு நிரப்பில் விடியும்வரை தாங்காது, சூடான இயந்திரத்தில் பெற்றோல் ஊற்றுவதோ தீப்பிடிக்கும் வேலை. இரண்டு பம்புகளை மாற்றி மாற்றி ஓட்ட வழியில்லாவிட்டால் இந்த முறையை விட்டுவிடலாம். மின் மோட்டாருக்குக் கரண்ட் போகும் பயம் உண்டு. பந்தல் போட்ட போஞ்சி கட்டியின் பாரத்தில் கொடியோடு சாயும். தொடர்ந்து மூன்று நான்கு இரவு ஓட்டினால் நிலம் சேறாகி, உருளைக்கிழங்கில் லேட் பிளைட் என்ற கருகல் நோய் வர வாசல் திறக்கும். வடிகால் இல்லாத பள்ளத்து நிலத்துக்கு இது ஏற்றதல்ல.

விடியற்காலையில் ஒருமுறை தண்ணீர் அடித்து வெள்ளையைக் கழுவிவிடும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. இலைக்கு உள்ளே இருக்கும் நீர் உறைந்து திசு கிழிந்திருந்தால், கழுவுவதால் அது திரும்பாது. இரவின் கடைசிக் குளிர் சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும்வரை நிறுத்தாமல் அடித்தால் பலன் உண்டு. பத்து நிமிடம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் கெடுதல்தான் மிஞ்சும்.

போர்வை

10 பேர்ச்சுக்குள் பயிர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். வேலை பின்னேரத்தோடு முடிகிறது, இரவில் எதுவும் நின்றுபோகாது, பிழை நடந்தாலும் மூடாத பாத்தியின் கதிக்கு மேல் பெரிதாகக் கெடாது.

மூன்றடிப் பாத்திக்கு ஏழடி நீளத்தில் பிளந்த மூங்கிலோ அரை அங்குல பீவீசீ குழாயோ எடுத்து, இரு முனையையும் ஓரடி ஓரடி மண்ணில் இறக்கினால் ஒன்றரை அடி உயர வளைவு கிடைக்கும். மூன்றடிக்கு ஒரு வளைவு. பாதைக்கு ஓரடி விட்டால் ஒரு பேர்ச்சில் 68 அடி நீளப் பாத்தி வரும், அதற்கு 24 வளைவும் ஏழடி அகலத்தில் 70 அடி துணியும் வேண்டும். வளர்ந்த உருளைக்கிழங்குக்கு வளைவை உயர்த்தி, துணியையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டும்.

துணி எது? நெய்யாத வெள்ளை வேளாண் துணி முதலிடம். உரப் பைகளைப் பிரித்துத் தைத்த விரிப்பு அடுத்தது, கைக்காசு அதிகம் போகாது. வெறும் பொலித்தீன் கடைசி. தரையின் சூடு கதிராக மேலே போவதைப் பொலித்தீன் சரியாகத் தடுப்பதில்லை, அதைத் தொடும் இலை அந்த இடத்திலேயே கருகும். பொலித்தீன்தான் கைவசம் என்றால், அதன் மேல் உரப் பை விரிப்பு ஒன்றைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

மூடும் நேரம் முக்கியம். வெயில் பாத்தியை விட்டுப் போவதற்குச் சற்று முன், நாலரை மணி வாக்கில், மண்ணில் சூடு இருக்கும்போதே மூடவேண்டும். எட்டு மணிக்கு மூடினால் வெளியே போன சூட்டை வெளியிலேயே விட்டுவிட்டுக் குளிரைப் பொத்தி வைக்கிறோம். ஓரங்கள் தரையோடு ஒட்டி, மண்ணோ கல்லோ வைத்து அடைபட்டிருக்க வேண்டும். செடித் தண்டைச் சுற்றிக் கட்டுவது வீண், சூடு வருவது மண்ணிலிருந்து. காலையில் வெள்ளை உருகியதும், எட்டு எட்டரைக்குள் திறந்துவிடுங்கள். மலைநாட்டு வெயில் உறைக்கும்; மூடிக் கிடந்த ஈரத்தில் பூஞ்சணம் ஒரே வாரத்தில் பரவும்.

பொலித்தீன் கூடாரம் வைத்திருப்பவர்கள் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒற்றைப் படலக் கூடாரம் விடியலில் வெளியே இருக்கும் அளவுக்கே குளிர்ந்துவிடும். நாலு மணிக்குப் பக்கங்களை இறக்கி, உள்ளே 200 லீற்றர் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு பீப்பாய் 10 பாகை ஆறும்போது விடும் சூடு, 200 வாட் ஹீட்டர் ஒன்று இரவு முழுக்க எரிவதற்குச் சமம். கரண்ட் பில் கிடையாது.

புகை

டயரும் ஈரச் சருகும் எரித்துப் புகை மூட்டுவது பழைய வழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். புகைத் துகள் மிக நுண்ணியது, தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிர் அதன் ஊடே தடையில்லாமல் போய்விடுகிறது. கண்ணுக்கு முகில் போலத் தெரிவது கதிருக்கு முகிலாக இருப்பதில்லை. காற்று அடங்கிய இரவில் அந்தப் புகை பள்ளத்து லயங்களுக்குள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள்) இறங்கி, தூங்கும் குழந்தைகளின் நெஞ்சுக்குத்தான் போகிறது. தீயின் சூடு உதவும் என்பது உண்மை, ஆனால் அதற்குச் சிறிய தீ பல வேண்டும். ஒரே பெரிய தீயின் சூடு நேரே மேலே எழும்பிப் போய், சுற்றியிருக்கும் குளிர்க் காற்றைத் தோட்டத்துக்குள் இழுக்கும். அத்தனை சிறு தீக்கு விறகு எங்கே போவது?

செலவே இல்லாத ஒன்று

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தோட்டத்தின் கீழ் எல்லையில் அடர்ந்த வேலியோ பொருத்திக் கட்டிய கல் மதிலோ இருந்தால், அதுவே குளிருக்கு அணை. அந்தக் கீழ்ப் பக்கத்தில் ஐந்தாறு அடி அகலத்துக்கு வேலியை வெட்டி வழி விடுங்கள். மேல் பக்க வேலியை அடர்த்தியாகவே வைத்திருங்கள், மேலிருந்து வரும் குளிரை அது ஒதுக்கும். அடுத்த போகத்துக்குப் பள்ளத்தில் லீக்ஸும் கோவாவும், மேட்டில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் என்று மாற்றினால் பாதி விழிப்பு மிச்சமாகும்.

இத்தனைக்குப் பிறகும் கருகினால், உருளைக்கிழங்குச் செடியை உடனே வெட்டவும் வேண்டாம், பயந்து யூரியா போடவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தால், மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து புதுத் தளிர் வருகிறதா என்பது தெரியும். வந்தால் கருகிய இலையை மட்டும் அகற்றி, பூஞ்சணக் கொல்லி ஒருமுறை தெளியுங்கள். வீட்டோடு தேயிலை வைத்திருப்பவர்களும் கொழுந்து சிவந்து கருகியதைப் பார்த்த அன்றே கவ்வாத்துக் கத்தியை எடுக்கக்கூடாது. அடுத்த இரவும் பனி விழலாம். மேலே கருகி நிற்கும் இலைதான் அப்போது கீழே இருக்கும் மொட்டுக்குப் போர்வை.