ஓய்வுக்குப் பின் புதுச்சேரியில்: கடற்கரை நடையா, மாடித்தோட்டமா, பெத்தாங்க் குண்டு ஆட்டமா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பலரும் முதலில் போய் நிற்பது கடற்கரைச் சாலையில்தான். மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டி விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஆனால் நடை முக்கால் மணியில் முடிந்துவிடும். அலுவலகம் எடுத்துக்கொண்டிருந்த பகல் முழுக்க அப்படியே மிச்சம் கிடக்கும். நடையை மருந்துக் கணக்கில் எழுதுங்கள், பொழுதுக் கணக்கில் அல்ல.

பொழுதை விழுங்குவது மாடித்தோட்டம். 12 அங்குல அகல உயரப் பையில் 20 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தால் அதுவே ஏறக்குறைய 20 கிலோ. நிரப்பிய பையைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வைக்கும் இடத்திலேயே பையை வைத்து, சின்ன வாளியால் நிரப்புங்கள். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் சம பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு முறை ஊறவைத்து வடிக்காவிட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கிவிடும். போர் தண்ணீரும் உப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் கீரை போடுங்கள், 25–30 நாளில் கைக்கு வரும். கத்தரி காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மாவுப்பூச்சி வந்து ஆளே சலித்துப்போவார். ஐப்பசி முதல் மார்கழி வரை மாடியில் பந்தல் கூடவே கூடாது. 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பைகளைச் செங்கல் மேல் வையுங்கள், மழைநீர்க் குழாய் வாயில் சருகு சேரவிடாதீர்கள். கூரை ஒழுகினால் வீட்டாரே தோட்டத்துக்கு முடிவு கட்டிவிடுவார்கள்.

இன்னொரு தொல்லை: சித்திரை வெயிலில் மகள் வீட்டில் நாலு நாள் தங்க முடியாது. செடியோடு பேசலாம்தான், அது நம்மைத் தேடாது.

அங்கேதான் பெத்தாங்க் முந்துகிறது. பிரான்ஸின் லா சியோத்தா ஊரில், மூட்டுவலியால் ஓடிவந்து எறிய முடியாத ஒருவருக்காக விதியை மாற்றியதில் பிறந்த ஆட்டம் என்பார்கள். வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று எறிந்தால் போதும். 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு யார் இரும்புக் குண்டு அருகில் என்பதே போட்டி. 13 புள்ளி முதலில் எடுத்த அணிக்கு வெற்றி. மூவர் அணியில் ஆளுக்கு இரண்டு குண்டு.

போட்டிக் குண்டு 650 முதல் 800 கிராம். வயதானவர் கைக்கு 700-ஐ ஒட்டியது சரி. சின்னக் கைக்குப் பெரிய குண்டு வாங்கினால் பிடி வழுக்கும், மணிக்கட்டு வலிக்கும். உண்மையில் முதுகைக் கெடுப்பது எறிவதல்ல, ஒவ்வொரு சுற்றிலும் குனிந்து பொறுக்குவது. கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று போதும், குனிய வேண்டாம். மழைக்காலத்தில் தரை சேறாகி ஆட்டம் நின்றுவிடும் என்பது குறைதான்.

ஆனால் ஓர் ஆள் வராவிட்டால் அணி குறையும், போன் வரும். "என்ன சார், காணோம்?" என்று கேட்க ஆள் இருப்பதுதான் வேலையோடு போன பெரிய சொத்து. நடையும் தோட்டமும் அதைத் தருவதில்லை. ரோமன் ரோலண்ட் நூலகமும் வெயில் நேரத்துக்கு நல்ல நிழல்தான், பேச்சுக்கு இடமில்லை.

குண்டு வாங்கும் முன் ஒரு மாதம் இரவல் குண்டில் ஆடிப்பாருங்கள்.