காமிக்கெட்டா, அனிமே ஜப்பானா?

டோக்கியோ பயணம் ஒருமுறைதான் வாய்க்கும், எந்த விழாவுக்குப் போவது என்று தவிக்கிறீர்களா? காமிக்கெட், ரசிகர்கள் தாங்களே வரைந்த காமிக்ஸ் புத்தகங்களை விற்கும் சந்தை; அனிமே ஜப்பான், ஜப்பானிய அனிமேஷனுக்கான (அனிமே) கண்காட்சி. இரண்டுமே டோக்கியோ பிக் சைட் அரங்கில்தான் நடக்கின்றன.

காலம்: காமிக்கெட் ஆகஸ்டிலும் டிசம்பர் இறுதியிலும், அனிமே ஜப்பான் மார்ச்சில்.

விற்பவர்: காமிக்கெட்டை 1975இல் ரசிகர்களே தொடங்கினார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர்தான் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தை வரைந்தவர். அனுமதி கேட்டுப் புரட்டுகிறீர்கள். அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே சில்லறைப் பெட்டி. அங்கே வாடிக்கையாளர் என்று யாருமில்லை, அனைவரும் பங்கேற்பாளர்களே என்பது அவர்கள் கொள்கை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.
2014இல் தொடங்கிய அனிமே ஜப்பான் நிறுவனங்களின் களம். புதிய தொடர்களின் அறிவிப்பும் குரல் நடிகர்களின் மேடையும் அங்கேதான்.

பணம்: காமிக்கெட்டுக்கு 100, 500 யென் நாணயங்களை நிறைய மாற்றி வையுங்கள். அனிமே ஜப்பானில் மேடை நிகழ்ச்சி இருக்கைகளுக்குக் குலுக்கல் உண்டு; முன்பே விண்ணப்பியுங்கள்.

உடல் பாடு: ஆகஸ்ட் காமிக்கெட் வரிசை வெயிலில் வாட்டிவிடும். தண்ணீர், தொப்பி, துண்டு இல்லாமல் போகவே கூடாது. மார்ச் இதமானது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களை மட்டும் பின்தொடர்பவர்களுக்கும் அனிமே ஜப்பான். நீங்களே வரைபவரென்றால், யோசிக்காமல் காமிக்கெட்டுக்குப் போங்கள்.